மணியனின் கராஜும் ரெண்டு கரண்டி உப்புமாவும்

கலிபோர்னியா ஃப்ரீமான்ட் முழுக்க ஒரு வதந்தி உலாவுகிறது. மூன்று மாதச் சாப்பாட்டைக் கார் நிறுத்தும் கராஜில் அடுக்கி வைத்திருந்த மணியன், ஒன்றரை மணி நேரம் கரண்ட் போனதற்கு, கையில் தட்டோடு அதே தெரு அனந்தராமன் வீட்டு வாசலில் போய் நின்று உப்புமா கேட்டாராம். ஃப்ரீமான்டில் கிளம்பும்போது வெறும் தட்டுதான். சான் ஹோசே போய்ச் சேர்வதற்குள் கூடவே ஒரு தூக்குச்சட்டியும் முளைத்துவிட்டது. போன வாரம் நியூஜெர்சி பார்சிப்பனியிலிருந்து ஒருத்தர் எனக்கு போன் போட்டு, "ஏங்க, மணியன் பட்டினியில மயக்கம் போட்டு ஆம்புலன்ஸ்ல எடுத்துட்டுப் போனாங்களாமே, இப்ப தேவலையா?" என்று மெய்யான கவலையோடு விசாரித்தார்.

வதந்திக்கு ஃப்ரீவே டிராஃபிக் கிடையாது. நடந்தது வேறு. மௌரி அவென்யூ மளிகைக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியாத சமாசாரம் இந்த ஊரில் உண்டா? அப்படியே சொல்கிறேன். ஆனால் மணியனைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், அவர் எந்த வகைப் பிராணி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பிராணிக்கு நான் வைத்திருக்கும் பெயர், முன்னேற்பாட்டுக்காரர்.

கண்டுபிடிப்பது சுலபம். அவர் கார் வெளியே வெயிலில் காயும். அரிசி கராஜுக்குள் நிழலில் இருக்கும். நீங்கள் புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினால், வந்தவர்களெல்லாம் "கிச்சன் பிரமாதம்" என்பார்கள், இவர் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த அலமாரிய சுவத்தோட ஸ்க்ரூ பண்ணலீங்களா? பூகம்பம் வந்தா நேராக் கொழந்த மேலதான் விழும்" என்பார். பாயசம் உங்கள் தொண்டையிலேயே நிற்கும். கல்யாண நாளுக்குப் பரிசாகத் தீயணைக்கும் சிலிண்டர் கொண்டு வருவார். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குவதற்கு முன் வெளியே போகும் வழி எங்கே என்று எண்ணி வைத்துக்கொள்வார். "வந்தா என்ன பண்ணுவீங்க?" என்பதுதான் அவருடைய மூல மந்திரம். எது வந்தால்? அதை மட்டும் சொல்லமாட்டார்.

நம் மணியன் இந்த வகையில் முதல் தரம். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்ற வீடுகளில் இட்லி வேகும். அவர் வீட்டில் விசில் ஊதும். ஊதினால் மனைவி வசந்தாமணியும் மகள் கயலும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து தலையைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். "அப்பா, கேன் ஐ கம் அவுட்? எனக்கு ஹோம்வொர்க் இருக்கு" என்று மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வரும். "பூகம்பம் உன் ஹோம்வொர்க்கப் பாக்குமா கண்ணு?" என்று மேஜைக்கு மேலிருந்து பதில் வரும்.

தொண்ணூற்றொன்பதில் இந்த வியாதி முற்றியது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷக் கணக்கு குழம்பி, கரண்ட் நின்று, தண்ணீர் நின்று, பேங்க் நின்று, உலகமே நிற்கப்போகிறது என்று பேச்சு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைச் சரிசெய்யத்தான் ஊரிலிருந்து நம் பிள்ளைகளை விமானம் விமானமாக இறக்கினார்கள். மணியனுக்கும் ஆபீஸில் அதே வேலைதான். நான் கேட்டேன்: "நீங்களே சரி பண்றீங்க, நீங்களே பயப்படறீங்களே, என்னங்க கணக்கு?"

"நான் சரி பண்ணுன ப்ரோக்ராம நானே பாத்திருக்கறேனுங்க. அதுனாலதான் சொல்றேன். அரிசி வாங்கி வெய்யுங்க."

இதற்கு மேல் என்ன கேட்பது? அரிசி கொடுத்தேன். சோனா மசூரி மூட்டை மூட்டையாகவும், துவரம்பருப்பு, புளி, வத்தல், காப்பித்தூள், எலுமிச்சை ஊறுகாய், குக்கருக்கு அரை டஜன் கேஸ்கெட், கடையில் இருந்த கற்பூரம் அத்தனையும், எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்காத ரெண்டு தேங்காய்த் துருவியும் என் கடையிலிருந்து போயின; தண்ணீர் டிரம், கேம்ப் அடுப்பு, டார்ச், மெழுகுவத்தி, கையால் சுற்றுகிற ரேடியோ இதெல்லாம் வேறு கடைகளிலிருந்து வந்தன. எல்லாவற்றையும் கராஜில் கூரை முட்ட அடுக்கினார். வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்குப் போக ஒரு கதவு இருக்குமே, அது கராஜ் பக்கம் திறக்கிற கதவு. அதை ஒட்டியும் அரிசி.

"ஏனுங்க, இந்தக் கதவ எப்படித் தொறக்கறதுங்க?" என்றார் வசந்தாமணி.

"எதுக்குத் தொறக்கோணும்? முன்னால பெரிய கதவு இருக்குது, ரிமோட் இருக்குது. ரிமோட் பேட்டரி தீந்துட்டா? அதுக்கும் ஆறு பேட்டரி எடுத்து வெச்சிருக்கறேன்" என்று மணியன் பெருமையாகச் சொன்னார்.

இந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் பிறந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. விளக்கு எரிந்தது. போன்கூட வேலை செய்தது, அதுதான் கொடுமை. ஏனென்றால் காலையில் முதல் போன் மூன்றாவது வீட்டு அனந்தராமனிடமிருந்து வந்தது. "ஹாப்பி நியூ இயர் மணியன்! உங்காத்துல தண்ணி வரதோ? இல்லேன்னா சொல்லுங்கோ, நம்மாத்துலேர்ந்து ஒரு பக்கெட் அனுப்பறேன்."

அந்த வருஷம் முழுக்க மணியன் வீட்டில் போன வருஷத்து அரிசிதான். வண்டு விழுந்ததைப் புடைத்துப் புடைத்துச் சமைத்தார் வசந்தாமணி. காலியான மூட்டைக்கெல்லாம் மணியன் புது மூட்டை வாங்கினார். "உலகம் முடியறதுதான் ரத்தாயிருச்சே, இன்னும் எதுக்குங்க?" என்றேன். மீதிச் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மனிதர்கள் ஏன் இப்படி ஆகிறார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? உயிர்ப் பயமா? பேப்பரில் படித்ததா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பூகம்பத்துக்குப் பயந்து யாரும் ஆறு கேஸ்கெட் வாங்குவதில்லை ஐயா. ஒவ்வொரு முன்னேற்பாட்டுக்காரருக்குப் பின்னாலும் ஒரு அனந்தராமன் இருக்கிறார்.

தொண்ணூற்றைந்து டிசம்பரில் ஒரு புயல் அடித்தது. மரம் விழுந்து தெருவுக்கே கரண்ட் இல்லை. மணியன் வீட்டில் கரண்ட் அடுப்பு. அனந்தராமன் வீட்டில் கேஸ் அடுப்பு. அனந்தராமன் தானே வந்து கூப்பிட்டார். மணியன் குடும்பத்தோடு போய் உப்புமா சாப்பிட்டார். அனந்தராமனின் மனைவி மீனாக்ஷி நல்ல மனுஷி. போட்டார், அன்றே மறந்துவிட்டார். அனந்தராமன் மறக்கவில்லை. யார் வீட்டுப் பிறந்த நாளானாலும், நவராத்திரிக் கொலுவானாலும், கோயில் வரிசையானாலும், "மணியனத் தெரியாதா? அந்தப் புயல் அன்னிக்கு நம்மாத்துலதானே சாப்ட்டா! பாவம், கொழந்தை எவ்ளோ பசியோட இருந்தது தெரியுமோ?" என்று அறிமுகப்படுத்துவார். பேர் சொல்லுவதற்கு முன் உப்புமா வந்துவிடும். மூன்றாவது வருஷக் கொலுவில் மணியன் பட்டாணிச் சுண்டலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னார்: "இனி செத்தாலும் அந்த வீட்டுல ஒரு வாய் திங்க மாட்டேன்." இதை என்னிடம் சொன்னது யார் என்கிறீர்களா? வசந்தாமணிதான், கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டே.

"அப்ப நீங்களும் ஒரு கேஸ் அடுப்பு வெச்சுக்கலாமே?" என்று மணியனிடம் ஒரு தடவை கேட்டேன். "பூகம்பத்துல கேஸ் பைப் வெடிச்சா?" என்றார். நான் அடுத்த மூட்டைக்கு பில் போட்டேன்.

இப்போது இந்த ஜனவரிக்கு வாருங்கள். கலிபோர்னியாவில் மின்சாரம் போதவில்லை என்று முறை வைத்து ஏரியா ஏரியாவாகக் கரண்டை நிறுத்தினார்கள். மத்தியான நேரம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் நஞ்சுண்டனுக்காக மணியன் லீவில் இருந்தார். நஞ்சுண்டன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டு முன்னால் உட்கார்ந்தார். குக்கரில் அரிசி பாதி வெந்தது. விளக்கு அணைந்தது.

மணியன் முகத்தில் ஒரு ஒளி வந்ததாம். வராதா பின்னே? ஐந்து வருஷம் காத்திருந்த மனுஷன்! "மாமா, ஒண்ணும் பதறாதீங்க. கேம்ப் அடுப்பு இருக்குது, பத்து நிமிஷத்துல சோறு" என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அமுக்கினார். கதவு அசையவில்லை. புது பேட்டரி போட்டு அமுக்கினார். ரிமோட்டில் பேட்டரி இருக்கிறது ஐயா, கதவைத் தூக்குகிற மோட்டாருக்குக் கரண்ட் எங்கே இருக்கிறது? அதற்கும் ஒரு வழி உண்டு. கையால் இழுக்க ஒரு சிவப்புக் கயிறு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்தக் கயிறு கராஜுக்குள்ளே தொங்குகிறது.

உள்ளே ஓடி வந்து சின்னக் கதவைத் தோளால் முட்டினார். அந்தப் பக்கம் சோனா மசூரி மலைபோல நின்றது. மேஜைமேல் இருந்த ஒரே வாழைப்பழத்தை நஞ்சுண்டன் அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"மாப்ள, மாத்தரை வேல செய்ய ஆரம்பிச்சிருச்சுங்க. கை நடுங்குது. அந்தப் பிரிட்ஜுல என்ன இருக்குது?"

"அதத் தொறக்காதீங்க மாமா! கரண்ட் போனா தொறக்கக்கூடாது, குளிர் போயிரும்!"

நஞ்சுண்டன் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கூர்ல தெனமும் கரண்ட் போவுதுங்க. ஒரு மெழுகுவத்தியும் ஒரு தீப்பொட்டியும் வெச்சிருப்போம், அவ்வளவுதான். அதுவும் சமையக்கட்டுல வெச்சிருப்போம்" என்றவர், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, தாளிக்கிற வாசனை வந்த திசையில் நடந்துவிட்டார்.

மணியன் பின்னாலேயே ஓடினார். மாமனாரைத் தடுத்தால் அவருக்கு மயக்கம் வரும். தடுக்காவிட்டால் இன்னும் பத்து கொலுவுக்கு உப்புமா வரும். தடுக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம், எழுதிவிடுகிறேன்.

மீனாக்ஷி கதவைத் திறந்து, "வாங்கோ மாமா, உக்காருங்கோ" என்று ஒரு கேள்வி கேட்காமல் தட்டு வைத்தார். மணியன் கால்மிதியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கோ மணியன்" என்றார் அனந்தராமன்.

"இல்லீங்க சார், நான் சாப்ட்டாச்சு."

"கரண்ட் இல்லாம என்னத்தச் சாப்ட்டேள்? ஆமா, கராஜ் நெறைய வெச்சிருந்தேளே, அதெல்லாம் என்ன ஆச்சு?"

மணியன் குனிந்து கால்மிதியை நேராக்கினார். நஞ்சுண்டன்தான், வாயில் உப்புமாவோடு சொன்னார்: "எல்லாம் பத்தரமா இருக்குதுங்க. மாப்ளைக்கே கெடைக்காத அளவுக்குப் பத்தரம்."

அனந்தராமன் சிரித்த சிரிப்பு மூன்று வீடு தள்ளி வசந்தாமணிக்குக் கேட்டது. வசந்தாமணியும் சிரித்தாரா என்று அவரிடமே கேட்டேன். கறிவேப்பிலையில் அடுத்த கொத்தை எடுத்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை மூட்டை இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை; கல்லாவில் இருக்கிறவனுக்கு அது தெரியும். நான் கேட்பது, யாரிடம் போய் நிற்கக்கூடாது என்று வாங்கினீர்கள்? ஒரு ஏணி இரவல் கேட்கப் பிடிக்காமல் கூரைக்கு ஒன்றும் பரணுக்கு ஒன்றுமாக ரெண்டு ஏணி வைத்திருக்கிறீர்களே, அது எந்த வீட்டுக்காரருக்காக? இல்லை, ஏணியே வாங்காமல், என்றைக்கோ கொடுத்த ஒரு கரண்டி உப்புமாவை இன்னும் ஊரெல்லாம் பரிமாறிக்கொண்டிருக்கிற அந்த இன்னொரு வகையா நீங்கள்? எதுவாக இருந்தாலும், இப்போதே எழுந்து போய், உங்கள் கராஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

நேற்று மணியன் கடைக்கு வந்தார். ஒரு பெரிய ரவை மூட்டையைத் தூக்கிக் கல்லாமேல் வைத்தார். "சமையக்கட்டுல வெக்கறதுக்குங்க" என்றார், நான் கேட்காமலே. ஊரில் உலாவுவதை ஆம்புலன்ஸ் வரைக்கும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லி, உண்மை என்ன என்று நானே எழுதப்போவதாகவும் சொன்னேன். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"தட்டு நான் கொண்டு போகல. நான் கேக்கவும் இல்ல, அந்தம்மாவாத்தான் போட்டாங்க. ரெண்டாவது கரண்டி மட்டுந்தான் நான் கேட்டது."