தோள்போன்காரருக்குப் போட்ட ஊசி

கோயமுத்தூர் ஜில்லாவில் நேருக்கு நேராக ஒரு மனிதரைக்கூட நோகடிக்காத ஒரே ஆள் எங்கள் போத்தனூர் தோள்போன்காரர்தான். போனில் ஒரு மனிதரைக்கூட விட்டுவைக்காத ஒரே ஆளும் அவரேதான்.

தொழில் கல்யாணத் தரகு. ஒரு கையில் ஜாதகக் கட்டு, இன்னொரு கையில் டீ டம்ளர். போன் எப்போதும் வலது காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகப்பட்டிருக்கும். அதனால் வந்த பெயர்தான் தோள்போன்காரர். வால்பாறைக்குச் சம்பந்தம் பேசப் போனால், வளைவுக்கு வளைவு பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள், அவர் போன் மட்டும் நழுவாது. அவரை அண்ணன் என்றே கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரன் நான், காதில் மாட்டும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். “அது பேசறவங்களுக்கு மரியாதை இல்லீங்க தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உலகத்தில் இருக்கிற மரியாதை அத்தனையும் அவரிடம் உண்டு, எதிரில் ஆள் நிற்கும்வரை. ஓட்டலில் உப்புமாவைத் தின்றுவிட்டு, “அருமைங்க, அமிர்தமுங்க” என்பார். ரோட்டைத் தாண்டியதும் அதே ஓட்டலுக்குப் போன் போடுவார். “ஏனுங்க, உப்ப மூட்டையோட கொட்டிப்போட்டீங்களா? வாயெல்லாம் வெந்து போச்சுங்க!” மாப்பிள்ளை வீட்டில், “தங்கமான பையனுங்க” என்று கும்பிட்டுக் கிளம்புவார். தெருமுனையிலிருந்து போன் வரும். “அந்த மீசைய எடுக்காம ஒரு பொண்ணும் கெடைக்காதுங்க!” இதனாலேயே அவர் கிளம்பிப் போனதும் எல்லா வீட்டிலும் போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள்.

இப்படி வருஷக்கணக்கில் போனை இடுக்கியதில், ஒருநாள் வலது தோளும் கழுத்தும் சேர்ந்து இறுகிவிட்டன. யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்பித்தான் பார்ப்பார். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. சுளுக்கு எடுக்கிறவரிடம் போனார். அவர் இழுத்துவிட்டு, “வலிக்குதுங்களா?” என்று கேட்க, நம் ஆள் “இல்லீங்க” என்று சொல்ல, அவர் இன்னும் பலமாக இழுக்க, மறுநாள் சட்டை மாட்டவே ஆள் வேண்டியிருந்தது.

இதெல்லாம் நடந்தது அவருடைய ஒரே மகளின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது. மதுக்கரையில் மண்டபம். அப்பாக்காரர் சொம்பைத் தூக்கி, மணமக்கள் கைமேல் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். இவருக்கோ டீ டம்ளரே எழும்பவில்லை. “உங்களுக்கு முடியலேன்னா எங்கண்ணன் தாரை வார்க்கட்டுமுங்க” என்றார் அவர் மனைவி. “தாராளமாச் செய்யட்டும் அம்மணி, மச்சான் செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன?” என்று சிரித்தபடி கொல்லைப்பக்கம் போனார்.

அடுத்த நிமிஷம் என் போன் அடித்தது. “தம்பி! எம்புள்ளைக்கு நாந்தான் தாரை வார்ப்பேன்! ஒருத்தனையும் சொம்பத் தொட உடமாட்டேன்! வண்டியெடுங்க, டாக்டர்கிட்டப் போலாம்!” பேசி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நான் கார் சாவியை எடுத்தேன்.

கோயமுத்தூரில் வலிக்கென்றே வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. தசையில் சில இடங்கள் முடிச்சு மாதிரி இறுகிப்போகுமாம். அந்த முடிச்சுக்குள்ளேயே மெல்லிய ஊசியை விட்டு, கொஞ்சம் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால் தசை இளகுமாம். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. முடிச்சை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். “அமுக்கிப் பாப்பேன். எங்க வலி கெளம்புதுன்னு அவரு சொல்லணும்” என்றார். நான் நம் ஆளைத் திரும்பிப் பார்த்தேன்.

“இங்க வலிக்குதுங்களா?”

“பரவால்லீங்க அம்மணி.” கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டன.

“இங்கீங்க?”

“உங்க கை பூப்போல இருக்குதுங்க.” கண்ணில் தண்ணீர் முட்டியது.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். “எதுதான் வலிக்கற முடிச்சுன்னு தெரியாம கண்ட எடத்துல குத்த முடியாதுங்க. மாத்திரை எழுதித் தாரேன், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க.”

ரெண்டு வாரம் கழித்து மகள் மாமியார் வீட்டில் இருப்பாள். தோள்போன்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, “சரிங்க அம்மணி, நல்லதுங்க” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “டாக்டர், தயவுசெஞ்சு ஒரு தடவை மட்டும் மறுபடி அமுக்குங்க” என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். இடது கையால் எடுத்தார்.

“ஏனுங்ணா, உள்ள எப்படி இருக்குது?”

“அதையேன் கேக்கறீங்க தம்பி! இந்தப் புள்ள கையா அது, இரும்பு இடுக்கிங்க! கழுத்துக்கிட்டக்கூட பொறுத்துக்கலாம், கொஞ்சம் கீழ… ஐயோ! அங்கதான்! அங்கதானுங்க! தோள அமுக்குனா நெத்திப்பொட்டு தெறிக்குது! உசுரு போகுதுங்க!”

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் கத்தினார். “அதேதாங்க! அசையாதீங்க! போனை வெச்சிராதீங்க!”

பேனாவால் புள்ளி வைத்து, “எறும்புக்கடி மாதிரிதாங்க இருக்கும்” என்று ஊசியை இறக்கினார். நான் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஊசி பட்டதும் தசை வெடுக்கென்று ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. கொஞ்ச நேரத்தில் கழுத்தைத் திருப்பச் சொன்னார். திரும்பியது. கையைத் தூக்கச் சொன்னார். மெதுவாகத் தலைக்குமேல் போனது. ஓரிரு நாள் குத்தின இடம் வலிக்கும், பயிற்சியை விடாமல் செய்யணும், தோளில் போனை வைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

“ஊசி போட்டதே தெரியலீங்க அம்மணி” என்று கும்பிட்டார். கார் கிளம்பியதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார், கையில் பிடித்தபடிதான். “எறும்புக்கடின்னு சொன்னீங்களே, தேள்கடியுங்க அது! ஆனாலும் அந்தப் புள்ள நல்லா இருக்கோணுமுங்க!”

கல்யாணத்தன்று சொம்பை அவரே தூக்கினார். தண்ணீர் மகள் கைமேல் விழுந்து, கீழே தாம்பாளத்தில் வழிந்து, நின்றும் போனது. அவர் சொம்பை இறக்கவில்லை. வெறும் சொம்பைச் சாய்த்துப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் தப்புகிறதென்று மச்சான் சொம்பை வாங்கக் கையை நீட்டினார். நான் மச்சான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் எங்கள் அண்ணன்.