மாடியில் என்ன சத்தம்?

டப்பாவில் எண்ணூறு கரையான்கள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. மூடியின் ஓரத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி.

கல்லூரி ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று அவள் இரண்டு மாதம் முன்பு வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்த டப்பா அது. கரையானின் குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரிகள்தான் அவளுடைய ஆராய்ச்சி. கரையான் மரத்தைத் தின்னும். அதை ஜீரணிக்க வைப்பவை இவை. வெளியே எடுத்தால், நுண்ணோக்கியின் கீழ் சில நிமிடம் நீந்திவிட்டு அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்கள் அவள் அவற்றோடு பேசுவாள். வீட்டில் பேச வேறு ஆள் இல்லை.

குளியலறைக் கதவின் நிலையில் விரல் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருந்தது. மருந்தடிக்க மனம் வரவில்லை. மூன்று வருட உழைப்பு. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஹவுஸ் ஓனரோ, ஆணி அடித்தாலே முகம் சுளிப்பவர்.

மண்கோட்டைக் காலண்டரால் மறைக்க நினைத்தாள். அதற்கு ஆணி வேண்டும். அடித்தாள்.

"டாக்டரம்மா, மாடியில என்ன சத்தம்?" கீழிருந்து குரல் வந்தது. ஆராய்ச்சி செய்பவள் அவருக்கு டாக்டரம்மாதான்.

"பூண்டு நசுக்கறேன் சார்!"

கரையான்களைத் திரும்ப அழைக்க, ஈரப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து ஆசை காட்டினாள். வந்தன. பலகை போதாமல் பக்கத்துப் புத்தக அலமாரிக்கும் குடியேறின. சில வாரங்களில் அலமாரி காலொடிந்து, புத்தகங்களோடு தடாலென்று சாய்ந்தது.

"டாக்டரம்மா! என்னாச்சு?"

"யோகா சார்!"

"அவ்வளவு வேகமாவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நின்றும் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறைக் கதவைத் திறந்தாள். கதவு நிலையோடு பெயர்ந்து அவள்மேல் சாய்ந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றாள். கூப்பிட்டால் கீழிருந்து ஓடி வரக்கூடியவர் ஒருவர்தான். அவரைத்தான் கூப்பிட முடியாது. ஒன்பது வருடம் இருந்த வீடு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு இனி யார் வீடு தருவார்கள்?

எப்படியோ கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருமுனைத் தச்சருக்குப் போன் செய்தாள். அவர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சீக்கிரம் முடிச்சிடுங்க. ஹவுஸ் ஓனர் வாக்கிங் போயிருக்கார். அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், காலி பண்ணச் சொல்லிடுவார்."

தச்சர் பையைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவருக்கா தெரியாது? கரையான் கீழ இறங்கி அவர் வீட்டுக் கதவையும் தின்னு, அதை மாத்தினதே நான்தான் மேடம். 'மேல மட்டும் சொல்லிடாதப்பா, கூச்சப்பட்டுக் காலி பண்ணிடுவாங்க. மாடியில ஆள் நடமாடற சத்தம் கேக்கலேன்னா என்னால இந்த வீட்ல இருக்க முடியாது'ன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு."