முதல்வர் பாத்தியில் காய்த்த சுரைக்காய்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், என் இடுப்பு அதற்குச் சம்மதிக்கவில்லை. உங்கள் தங்கை மட்டும் மிக மிக சுகம். அவள் அவ்வளவு சுகமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். உங்கள் ரத்த அழுத்தமும் அக்காவின் முழங்காலும் இப்போது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் பேசும்போதெல்லாம் உங்கள் தங்கை பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் நான் "எல்லாம் நல்லா இருக்கு மச்சான்" என்பதைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் ஓய்வு பெற்றதும், அவளும் கல்லூரியில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இருவரும் உங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிடுவது என்று நாம் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். நீங்களும் சொன்னதோடு நிற்காமல் மாடிக்கு வெள்ளையடித்து, ஒழுகிய குழாயை மாற்றி, வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு எங்களுக்காகப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் சட்டைகள் பெட்டியில் இருக்கின்றன. வர மாட்டேன் என்கிறது உங்கள் தங்கைதான், அதற்குக் காரணம் ஒரு தோட்டம்.

அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் விடுதிக்குப் பின்னால் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைச் சுற்றி உடைந்த பெஞ்சும் கட்டட இடிபாடும் குவிந்து, பாம்பு கூட யோசித்துத்தான் உள்ளே போகும். கணக்குப் பேராசிரியைக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அதைச் சுத்தம் செய்து, தொட்டியைச் சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டி, மாணவர், ஆசிரியர், விடுதிச் சமையற்காரர், காவலாளி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் என்று கேட்டவர்க்கெல்லாம் ஆளுக்கொரு பாத்தி கொடுத்துவிட்டாள். விடுதிச் சாப்பாட்டு மிச்சமெல்லாம் உரக்குழிக்கு, கை கழுவுகிற தண்ணீரெல்லாம் வாய்க்காலுக்கு. சின்ன வயதில் செருப்பில் சேறு பட்டால் அழுது ஊரைக் கூட்டுவாள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? இப்போது உரக்குழிக்குள் இறங்கி, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்து, "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்" என்கிறாள். பிள்ளைகள் அவளுக்கு மண்புழு மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியும், சந்தோஷப்படுகிறாள்.

இது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சமையலறையில் குப்பைக்கு மூன்று வாளி, எதை எதில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, டீத்தூளைப் போடுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஒரு நாள் அவளுக்கு பிஸ்கட் கொண்டு போனேன், கல்லூரி வாசலில் காவலாளி மறித்து, "சார், இந்த பிளாஸ்டிக் கவர் உள்ள வரக் கூடாது" என்று சொல்லி அத்தனை பிஸ்கட்டையும் என் கைக்குட்டையில் கொட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கவரை என்னிடமே திருப்பித் தந்தார். "யார் போட்ட சட்டம் இது?" என்றேன். "உங்க வீட்டம்மாதான் சார்" என்றார். கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கல்லூரி முதல்வர் நல்ல மனிதர்தான், ஆனால் காலி இடத்தைப் பார்த்தால் அவர் கண்ணுக்கு அதில் கார்கள் நிற்பது தெரியும். கல்லூரிக்கு மதிப்பெண் போட ஒரு ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. குழு பச்சையைப் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் அந்த இடத்தில் சிமெண்ட் கல் பாவி வண்டி நிறுத்தலாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார். உங்கள் தங்கை அன்று சாப்பிடவில்லை. கடைசியில் என்னிடம், "தோட்டத்த மூடினாங்கன்னா அன்னிக்கே ஓய்வுக்கு எழுதிக் குடுத்துடறேன், அண்ணன் வீட்டுக்கே போய்டலாம். மூடலன்னா என்னைக் கூப்பிடாதீங்க" என்றாள். மச்சான், உங்களிடம் மறைப்பானேன், நான் சிமெண்ட் கல்லின் பக்கம்தான் இருந்தேன். குழு எப்போது வரும் என்று முதல்வரை விட நான் ஆவலாகக் காத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் நான் வீட்டில் சும்மா உட்கார்ந்து ஃபேனைப் பார்க்கிறேன் என்று சொல்லி என் பெயரிலும் ஒரு பாத்தியை எழுதி வைத்தாள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, அதைக் கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள். அவரவர் பாத்தியில் அவரவர் பறிக்கக் கூடாது. நட்டு வளர்ப்பது உன் பாத்தியில், பறிப்பது உன் வலப்பக்கத்துப் பாத்தியில். ஆரம்பத்தில் இப்படி இல்லையாம். என் தக்காளியை யார் தொட்டது, என் பாத்திக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று தினமும் அடிதடியாம். உங்கள் தங்கை இந்தச் சட்டத்தைப் போட்டதும் சண்டை நின்றுவிட்டது. பக்கத்துக்காரன் சோம்பேறியாக இருந்தால் பட்டினி உனக்குத்தான் என்பதால், எல்லோரும் தன் பாத்திக்கு ஊற்றிவிட்டு அடுத்தவன் பாத்தியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், பக்கத்துப் பாத்திக்காரரான இயற்பியல் பேராசிரியரைப் பார்த்து, "சார், வெண்டைக்கு நேத்து ஊத்தவே இல்ல, எனக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று கேட்டதை நானே பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வாளியைத் தேடினார். யோசித்துப் பார்த்தால் இது பெரிய மூளைதான் மச்சான். நம் வீட்டுப் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை.

ஆனால் என் வலப்பக்கத்தில் யார் பாத்தி தெரியுமா? முதல்வருடையது. மரியாதைக்காக அவருக்கு ஒன்று ஒதுக்கிப் பெயர்ப் பலகையும் நட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் ஒரு விதையை ஊன்றி, புகைப்படத்துக்குச் சிரித்துவிட்டுப் போனவர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. பாத்தி வெடித்துக் கிடந்தது. என் பாத்தியில் பறிப்பவரோ விடுதிச் சமையற்காரர். நான் வளர்த்த கத்தரிக்காயைக் கூடையில் போட்டுக்கொண்டு, "சார் கை ராசியான கை" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார், நான் காலிப் பையோடு வீட்டுக்கு வருவேன். வீட்டிலோ கடையில் காய் வாங்குவதை உங்கள் தங்கை நிறுத்திவிட்டாள். "உங்க பங்கு அங்க இருக்கு, பறிச்சிட்டு வாங்க" என்பாள். அவளுடைய பங்கு முழுக்கக் கீரை. காலையில் கீரை, மாலையில் கீரை, ஞாயிற்றுக்கிழமை விசேஷமாக வேறு கீரை. குலுக்கலில்தான் பாத்தி விழுந்தது என்று சத்தியம் செய்கிறாள், சீட்டை எடுத்தது அவள் கை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பசி வந்தால் மனிதன் என்னதான் செய்வான்? விடியற்காலையில் யாரும் வருவதற்கு முன் போய் முதல்வரின் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். தோட்டமெல்லாம் வெட்டி வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே, பகலில் எந்த முகத்தோடு பூவாளியைத் தூக்குவது? முதலில் தண்ணீர் மட்டும்தான். பிறகு மண்ணைக் கொத்தினேன், உரம் போட்டேன், சுரை விதை ஊன்றினேன், கொடி வந்ததும் பந்தல் கட்டினேன், பந்தலுக்கு நம் வீட்டுத் துணிக்கொடிக் கயிறு போயிற்று. முதல் பூ விட்டபோது என்னை அறியாமல் அதனோடு பேசினேன். காவலாளி தூரத்தில் திரும்பி நின்றுகொண்டார். ஒரு சுரைக்காய் பிஞ்சு விட்டு நாளுக்கு நாள் நீண்டு வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் விட்டால் பறித்துவிடலாம் என்றிருந்தேன், அந்த ஒரு நாளில்தான் ஆய்வுக் குழு வந்தது.

குழுத் தலைவி வயதான அம்மாள். ஃபைலை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்கு வந்து, பாத்திக்காரர்கள் நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்க, ஒவ்வொரு பாத்தியிலும் விரலை விட்டு ஈரம் பார்த்தார். முதல்வர் பாத்திக்கு வந்ததும் நின்றுவிட்டார். தோட்டத்திலேயே கொழுத்த பாத்தி அதுதான். பலகையைப் படித்துவிட்டு, "நீங்களே பாத்துக்கறீங்களா?" என்று கேட்டார். முதல்வர் கொடியைப் பார்த்தார், காயைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார். உங்கள் தங்கை வானத்தைப் பார்த்தாள். "ஏதோ நம்மால முடிஞ்சது" என்றார் முதல்வர். "எப்ப தண்ணி விடுவீங்க?" என்று அந்த அம்மாள் கேட்க, அவர் கொஞ்சம் விழித்து, "மத்தியானம், சாப்பிட்டுட்டு" என்றார். உச்சி வெயிலில் ஊற்றினால் அந்தப் பிஞ்சு என்னத்துக்கு ஆகும்? என் வாய் சும்மா இருக்கவில்லை. "இல்லம்மா, சார் விடியற்காலைலதான் ஊத்துவார், அதுவும் வேர்லதான்" என்று கத்திவிட்டேன். அவர் பொய்க்கு நானே சாட்சி சொல்லிவிட்டது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதோடு விட்டதா? அந்த அம்மாள் சுரைக்காயைக் கேட்க, முதல்வர் பெருந்தன்மையாகக் கையை நீட்ட, சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில், "சார், நீங்க பறிக்கக் கூடாது" என்றார்கள். அவருக்கு அந்த வழக்கமே தெரியாது. உங்கள் தங்கை நிதானமாக விளக்கினாள். "அப்ப யார் பறிக்கணும்?" என்றார் தலைவி. நான்தான் முன்னால் போக வேண்டியிருந்தது. மச்சான், ஒரு பிள்ளையைக் கட்டிக் கொடுப்பது போல அதைப் பறித்து அவர் கையில் வைத்தேன். அவர் சுரைக்காயைப் பார்க்கவில்லை, என் கால்சட்டை முழங்காலில் இருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு முதல்வரைப் பார்த்து, "பதவில இருக்கறவங்க மண்ணுல கை வைக்கறதை நான் பாத்ததே இல்ல. இதைத் தனியா எழுதறேன். அடுத்த வருஷம் இதே பாத்தியப் பாக்கறதுக்குன்னே வருவேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கைதட்டல் கேட்ட மயக்கத்தில் முதல்வர், தான் இருக்கும் வரை இந்தத் தோட்டத்தின் மேல் ஒரு கல் விழாது என்று அறிவித்துவிட்டார்.

நான் கடைசி வரிசையில் நின்று உங்கள் தங்கையைப் பார்த்தேன். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது மச்சான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். தோட்டம் பிழைத்துவிட்டது. அதனால் அவள் ஓய்வு கேட்க மாட்டாள். அதனால் நாம் பேசி வைத்த மாடி வீடு போயிற்று. இவ்வளவையும் கெடுத்தது நான் ஊற்றிய தண்ணீர். அன்றிரவும் கீரைதான்.

ஆகவே மூத்தவர் என்ற முறையில் நீங்கள் உடனே அவளுக்குக் கண்டிப்பாக ஒரு வார்த்தை எழுத வேண்டும், முடிந்தால் நேரிலேயே வந்து எங்களை அழைத்துப் போக வேண்டும். கேட்டால் ரத்த அழுத்தத்துக்கு டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள், நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் ஆசியையும் சொல்லவும். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், தினம் ஒரு காய் தின்று, நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
மாடிக்கு வரக் காத்திருக்கும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன், கடைசியாக ஒருமுறை பாத்தியிடம் சொல்லிக்கொண்டு வரலாம் என்று விடியற்காலையில் போனேன். முதல்வர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பூவாளியோடு நிற்கிறார். தண்ணீரை எல்லாம் இலை மேல் ஊற்றிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், "சார், நீங்க ஊருக்குப் போறதா கேள்விப்பட்டேன். போய்டாதீங்க. அந்தம்மா அடுத்த வருஷம் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வேர்ல ஊத்துங்க" என்று சொல்லி வாங்கி ஊற்றிக் காட்டினேன். பந்தலுக்கு அடியில் இன்னும் இரண்டு பிஞ்சு இருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. இரண்டும் சட்டப்படி என்னுடையது. எனவே மேலே எழுதியதைப் பொருட்படுத்தாமல் மாடி வீட்டைத் தயவுசெய்து வாடகைக்கு விட்டுவிடுங்கள். செடி வளர்க்கிறவர்களுக்கு மட்டும் விடாதீர்கள் மச்சான், அவர்களைக் கிளப்பவே முடியாது.