மாமனார் கொடுத்த தொட்டி

நெய்வேலி
22-1-65

அன்புள்ள மைத்துனன் சின்னதுரைக்கு,

ராஜாங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவர் தொட்டியில் இருக்கிறார்.

ஐப்பசியில் உங்கப்பா கண்மூடுமுன் என் கையைப் பிடித்து, "மாப்ளே, அந்தத் தொட்டிச் செடிய எடுத்துகினு போங்க. பொங்கல் வரைக்கும் பத்திரமா பாத்துக்கங்க" என்றாரே, நீயும்தான் பக்கத்தில் நின்றாய். உனக்கு முந்திரித் தோப்பு, எனக்குத் தொட்டி. குறை சொல்லவில்லை, தோப்பைக் கொடுத்திருந்தால் அதன் கதியும் இதுதான். பச்சைக் குடை விரித்தாற்போல் ஒரே இலையோடு காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் என் மடியிலேயே வந்தது. வராந்தாவில் வைத்த அன்றே உன் அக்கா காந்திமதி, "ஏங்க, இது என்னா செடின்னு தெரியுமா?" என்று கேட்டாள். பட்டணத்தில் பிறந்தவன் தெரியாது என்று சொல்லலாமா? "சீமைப் பனை" என்றேன். ஆபீசிலும் அப்படியே சொல்லி வைத்துவிட்டேன்.

மார்கழி பிறந்ததும் சீமைப் பனை மஞ்சளித்தது. தண்ணீர் போதவில்லை போலும் என்று, காலையில் நான், செகண்ட் ஷிப்டு போகும்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சங்கரலிங்கம், நைட் ஷிப்டு போகும்போது எதிர்வீட்டு வைத்திலிங்கம், ஆக சுரங்கத்தைப் போலவே மூன்று ஷிப்டும் தண்ணீர். இலை உதிர்ந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் தருகிற நிலக்கரி ஒரு செடிக்கு உயிர் தராதா என்று ஒரு கூடை பொடித்துப் போட்டேன். தண்டு சாய்ந்தது. திருநெல்வேலிக்காரரான சங்கரலிங்கம் அந்தப் புள்ளித் தண்டைக் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, இது செடியா, சட்டை உரிச்ச பாம்பா?" என்கிறார். போகியன்று அந்தத் தண்டையும் காணோம், மக்கிவிட்டது போலும். வேர் உள்ளே தூங்குகிறது என்று இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

காந்திமதிதான் பாவம். நான் தொட்டிமுன் உட்கார்ந்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிறாள், தோள் குலுங்குகிறது. அப்பா ஞாபகம், அழுகிறாள். அந்தத் துக்கத்திலும் பொங்கலன்று ஒரு குழம்பு வைத்தாள் பார், மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசியில் உங்கம்மா செடியைப் பார்க்க வருகிறார்களாம். எந்த முகத்தைக் காட்டுவேன்? அது என்ன செடி, எப்படிப் பிழைக்கும் என்று உடனே எழுது. ஆபீஸ் விலாசத்துக்கே எழுது. எனக்குத் தெரியும் என்று உன் அக்கா நம்பிக்கொண்டிருக்கிறாள்.

உன் தோப்பு பூத்துக் காய்க்கட்டும். நான் தண்ணீர் ஊற்ற வராதவரை அதற்கு ஒரு குறையும் வராது.

இப்படிக்கு,
ராஜாங்கம்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். உன் மாமா இத ஒட்டாம சட்டைப் பையில வெச்சிட்டு டூட்டிக்குப் போயிட்டாரு, துவைக்க எடுத்தப்ப கெடச்சுது. ஒட்டி அங்கியே வெச்சுடறேன், தானே ஒட்டினதா நெனச்சிகினு தபால்ல போடுவாரு. அது சேனைக்கிழங்குடா. எல சாஞ்சா கெழங்கு முத்திடுச்சின்னு அவருக்கு எங்க தெரியும், சாப்பாட்டு எலையில துண்டாத்தான பாத்திருக்காரு! போகியன்னிக்கே தோண்டிட்டேன். மூணு தரம் வாங்கித் தின்னது அதத்தான். ஒரு வாரமா மூணு ஷிப்டு தண்ணியும் வெறுந்தொட்டிக்கு. துக்க வருசம்னு நீ பொங்கல் சீர் கொண்டாரல இல்ல, அப்பா முன்னாடியே அனுப்பிட்டாருடா. மத்த நாளெல்லாம் சிரிப்புதான். தோண்டின அன்னிக்கு மட்டும் நெசமாவே அழுதேன். மொளை இருக்கற துண்டு ஒண்ண சாம்பல்ல பெரட்டி வெச்சிருக்கேன். சித்திரையில நட்டா கொடை விரிச்சிடும். செத்த செடிய நாந்தான் பொழைக்க வெச்சேன்னு பிளாக் முழுக்கச் சொல்லிகினு திரிவாரு. நீயும் ஆமான்னு சொல்லு. அம்மாகிட்டயும் சொல்லி வை.