சோப்பு எலியேசரின் சாட்சி

பார்சலைப் பிரிக்கப் போன எலியேசர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். படம் பிடிக்க நிறுத்தியிருந்த செல்போன் மறுபடியும் சரிந்துவிட்டது.

"பாக்கியம், அந்தத் தூக்குவாளியக் கொண்டா. போனைச் சாத்தி வைக்கணும்."

"ஏங்க, ஒரு டப்பாவப் பிரிக்க இம்புட்டுப் பாடா?"

ஞானபாக்கியம் டிவியின் ஓரத்தில் விரலைவிட்டுத் தடவிச் சானல் மாற்றிக்கொண்டிருந்தாள். ரிமோட் உடைந்து மூன்று மாதம். புதுசு கேட்டுக் கேட்டு அவளுக்கும் வாய் வலித்துவிட்டது.

"படம் பிடிக்காமப் பிரிச்சுத்தான போன தடவை ஏமாந்தேன்" என்றார்.

ஆன்லைனில் செல்போன் கேட்ட மனுஷனுக்கு இரண்டு சோப்புக்கட்டி வந்த கதை ராஜபாளையத்துக்கே தெரியும். வீடியோ இல்லையென்று கம்பெனிக்காரன் கையை விரித்தான். அன்றிலிருந்து அவர் சோப்பு எலியேசர். சர்ச் அசன விருந்தில்கூட, "சோப்பண்ணனுக்கு ரசம் ஊத்துலே" என்கிறார்கள். அந்தப் பேரைத் துடைக்காமல் விடுவதில்லை என்று இருந்தார்.

இந்தத் தடவை வந்திருப்பது, கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற மூன்று கலர் லைட் ஃபேன். அவர் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் கம்ப்யூட்டர் சூடேறிப் பாதி வேலையில் படுத்துவிடுகிறது.

பெட்டியை நாலு பக்கமும் போனுக்குக் காட்டினார். தேதி சொன்னார். டேப்பை அறுத்து, உள்ளே இருந்ததையெல்லாம் பின்னால் கட்டிலில் பரப்பினார். பிறகு போனைப் பார்த்து நின்று, உள்ளே இருந்த சீட்டை வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "ஃபேன் மூன்று. திருகாணி பன்னிரண்டு. லைட் கலர் மாற்ற ரிமோட் ஒன்று..."

வாசித்து முடித்துத் திரும்பி எண்ணினார். ரிமோட் இல்லை.

அவருக்குச் சந்தோஷம்தான். "மாட்டிக்கிட்டான்" என்றார். தன் மூஞ்சியைத் தானே என்னத்தைப் பார்க்க என்று, வீடியோவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினார்.

ஃபேனை மாட்டினார். சிவப்பு லைட் விட்டுவிட்டு எரிந்தது.

பக்கத்து வீட்டுச் சங்கிலிப்பாண்டி எட்டிப் பார்த்தான். "சோப்பண்ணே, உள்ள ஆம்புலன்ஸ் நிக்கா?"

ஒரு வயரை உருவினார். லைட் இருந்தது, ஃபேன் நின்றது. வேறு இடத்தில் செருகினார். ஃபேன் மாவு மில் மாதிரி இரைந்தது. லைட் தன் இஷ்டத்துக்குப் பச்சை, ஊதா, மஞ்சள் என்று மாற ஆரம்பித்தது. கண் கூசுகிறதென்று போர்வையைப் போட்டு மூடினார். கம்ப்யூட்டர் சூடேறிப் படுத்தேவிட்டது.

'கலர் தானாக மாறுகிறது' என்று இரண்டாவது புகாரும் போனது.

இதில் ஒரே ஆறுதல் ஞானபாக்கியம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவள் தம்பி கொண்டுவந்த பால்கோவாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தவள், தானாகவே எடுத்துவந்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க. உங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு."

நம்ம வைராக்கியத்துக்கு இப்போதுதான் மரியாதை கிடைக்கிறது என்று எலியேசர் நெகிழ்ந்துபோனார்.

"டிவிதாங்க ரொம்பப் பழசாயிருச்சு. எதுக்கும் அசைய மாட்டேங்கு" என்றபடி அவள் உள்ளே போனாள். இங்கே, போர்வையை எடுத்துவிட்டு மறுபடி போட்ட கம்ப்யூட்டரில் லைட் ஊதாவிலிருந்து நீலத்துக்குப் போனது.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எலியேசர் ஓடிப்போய்ச் சங்கிலிப்பாண்டியையும் தெருவில் நின்ற நாலு பேரையும் இழுத்துவந்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும். வீடியோவ முழுசாப் பாத்தியளா?"

"முழுசாப் பாத்தோம் சார். பதினோராவது நிமிஷம் நீங்க சீட்டு வாசிக்கும்போது, பின்னால பச்சைச் சேலை கட்டின அக்கா ஒருத்தங்க ரிமோட்டை எடுத்து, பாலிதீன் கவர்ல போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுறாங்க. 'எங்க வீட்டு மனுசன் ஒருவழியா டிவிக்கு ரிமோட்டு வாங்கிட்டாரு'ன்னு அவங்க சொல்றதும் நல்லாக் கேக்குது சார்."