ஓட்டுச் சாவடிக்குப் போன மீன் குழம்பு

ஊரில் ஒருத்தனுக்கு மட்டும் கையெழுத்துப் போடத் தெரிந்தால் அவன் தலை தோளில் நிற்காது. என் தலை அப்படி நிற்காத காலத்தில் நடந்தது இது. (இப்போது நிற்கிறதா என்று என் மனைவி கன்னியம்மாவைக் கேட்டுவிடாதீர்கள்.)

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு டிரம் செய்கிற சொந்தப் பட்டறை வைத்திருக்கிறேன். இன்ஜினியருக்குப் படித்தவர்கள் என்னிடம் லீவு கேட்டு நிற்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எதற்குப் பொய்? பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளில் நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வலை வீசிக்கொண்டிருந்தேன். எங்கள் குப்பத்தில் அதுவரை யாரும் ஓட்டுப் போட்டதில்லை. வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுதுகிறவர் ஏரியைப் பார்த்ததும் அக்கரையிலிருந்தே திரும்பிவிடுவார். ஓட்டுச் சாவடியும் அக்கரையில்தான், நெல் விளைகிற ஊரில். படகைத் தள்ளிக்கொண்டு போய் வந்தால் ஒரு நாள் பிழைப்பு போச்சு.

நான் விடுவேனா? பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு நடந்து நடந்து, கடைசியில் ஒரு குமாஸ்தாவைப் படகிலேற்றிக் குப்பத்துக்கே கொண்டுவந்து இறக்கினேன். அவர் பெண்களிடம் புருஷன் பெயரைக் கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடுமே! நான்தான் பக்கத்தில் நின்று ஊரிலுள்ள அத்தனை புருஷன்மார் பெயரையும் ஒப்பித்தேன்.

போகும்போது குமாஸ்தா சொன்னார்: "பேரு ஏத்தியாச்சுப்பா. இந்த வாட்டி எல்லாரும் வந்து போட்டுக் காட்டுங்க. அப்பதான் அடுத்த வாட்டி இங்கியே சாவடி கேட்டு எழுத முடியும். நீங்க வரலைன்னா, இந்த ஊருக்குத் தேவையில்லைன்னு எழுதிடுவாங்க."

அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பு. பிள்ளைத்தாய்ச்சியும் நடக்க முடியாதவர்களும் ஏரி தாண்டாமல் ஓட்டுப் போட வேண்டுமானால், நாங்கள் எல்லோரும் ஒரு தடவை ஏரியைத் தாண்டிக் காட்ட வேண்டும்.

"மொத ஓட்டு என்னுதுதான்" என்று ஊருக்கே அறிவித்தேன். முத்திரை குத்துவது எப்படி, சீட்டை மடிப்பது எப்படி என்று வாழையிலையை நறுக்கி வைத்துப் பாடமெல்லாம் நடத்தினேன். கடைசியில் விரலில் மை வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போட்ட பிறகு வைக்கிற மைக்குப் போடுவதற்கு முன்னால் என்ன வேலை? அதனால் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

தேர்தலன்று படகுகள் எல்லாம் ஆள் ஏற்றப் போகும், வலைகள் சும்மா கிடக்கும். ஆகவே முந்தின நாளே வலைக்குச் சாயம் போட்டுவிட்டால் மறுநாள் நன்றாகக் காயும் என்று திட்டம் போட்டேன். அப்போது பருத்தி வலைதான். உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்கக் கருவேலம்பட்டையைக் காய்ச்சி அதில் ஊறவைப்போம். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனி மண்பானையில் நடக்கிற வேலை. எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. ஒரு பழைய இரும்பு டிரம்மைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊருக்குப் பெரியவர் சின்னத்தம்பி மாமா, கன்னியம்மாவுக்குத் தாய்மாமன். அவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ள, உள்ள ஒரே துருவா கீது?"

"துருதான் மாமா வலைக்குப் பலம்" என்றேன். (எங்கிருந்துதான் எனக்கு அப்படி வாயில் வந்ததோ.)

ஆணும் பெண்ணுமாகக் குப்பமே டிரம்முக்குள் கையை விட்டு வலையை முக்கியது. மேற்பார்வை பார்த்த நான் முழங்கை வரை முக்கினேன். மண்பானைச் சாயம் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும், கையில் அவ்வளவாக ஒட்டாது. இது கன்னங்கரேலென்று வந்தது. (துருவும் பட்டையும் சேர்ந்தால் மைதான் வரும் என்று பிற்பாடு என் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த கெமிஸ்ட்ரிக்காரர் சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே பிறந்திருக்கலாம் அவர்.) சோப்புப் போட்டும் போகவில்லை, மணலில் தேய்த்தும் போகவில்லை. யாரும் கவலைப்படவில்லை. வலை அட்டகாசமாக வந்திருந்தது.

மறுநாள் படகுகள் அக்கரை சேர்ந்தன. சாவடி அதிகாரி ஒரு வாத்தியார். முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் போனேன்.

"இடது கை ஆள்காட்டி விரலைக் காட்டுங்க."

காட்டினேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தார். எல்லார் விரலும் கருப்பு.

மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கட்சி ஏஜெண்டு, அந்த ஊர் நெல்லுக்காரர், துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா சார்? எங்கியோ போட்டுட்டு, கைபூரா கரியப் பூசிக்கினு வந்துக்கீறாங்க!"

"பத்து வெரலும் கருப்பா கீதே, பத்து ஓட்டா போட்டோம்?" என்று பின்னாலிருந்து கன்னியம்மா கேட்டாள்.

அதிகாரி நல்ல மனிதர்தான். "அடியில மை இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? கழுவிட்டு வாங்க, விடுறேன்" என்றார்.

கழுவினால் போகிற சாயமா அது? எல்லோரும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். ஒரு நாள் பிழைப்பு போச்சு, வரப்போகிற சாவடியும் போச்சு.

"உன் டிரம்மால பேஜாருதான்யா" என்றாள் கன்னியம்மா. நான் மண்ணை அள்ளி இன்னொரு தடவை கையைத் தேய்த்துப் பார்த்தேன்.

பசி வந்தது. பெண்கள் கொண்டுவந்திருந்த சோற்றையும் மீன் குழம்பையும் எடுத்து வைத்தார்கள். எங்கள் குப்பத்துக் குழம்பில் புளி என்றால் அப்படி ஒரு புளி, பல் கூசும். மாமா ஒரு பிடி பிடித்துவிட்டு விரலை நக்கினார். கன்னியம்மா அவர் கையையே பார்த்தாள்.

"மாமா, சோத்துக்கைய காட்டு."

காட்டினார். விரல்கள் வெளுத்திருந்தன. இடது கை மட்டும் காக்கை மாதிரி இருந்தது.

"எல்லாரும் பீச்சாங்கைய குழம்புல உடுங்க!" என்றாள்.

ஊரே அலறியது. மாமா தன் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "சோத்துச் சட்டியில பீச்சாங்கையா? அடிப்பாவி! உசுரே போனாலும் மாட்டேன்!"

"உசுரு கேக்கல மாமா, ஒரு வெரலுதான் கேக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் விரலைக் குழம்பில் விட்டுத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் விரலாகத் தெரிந்தது. அப்புறம் யாரையும் அழைக்க வேண்டியிருக்கவில்லை.

சாவடியில் ஏஜெண்டு மறுபடி எழுந்தார். "சார், மைய கழுவிட்டாங்க!"

"ஐயா," என்றாள் கன்னியம்மா, குழம்புச் சட்டியை மேசைமேல் வைத்து. "இவரு காலைலயே ஓட்டுப் போட்டுட்டாரு, வெரல்ல மை கீது. குழம்புல உட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. போச்சுன்னா எங்கள தொரத்திடுங்க."

ஏஜெண்டு முகம் மாறியது. "இன்னிக்கு சனிக்கிழம சார். நான் கவுச்சி தொடமாட்டேன்."

"ஆட்சேபணை சொன்னது நீங்க. விரலைத்தான் விடச் சொல்றேன், சாப்பிடச் சொல்லலை" என்றார் அதிகாரி.

விட்டார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். மை அசையவில்லை. அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடுத்த ஆள் வரலாம்" என்றார்.

கன்னியம்மாவிடம் புருஷன் பெயர் கேட்டபோது, "அதோ, எல்லாரையும் விடக் கருப்பா நிக்குதே, அதுதான்" என்று கை காட்டினாள். எங்கள் ஊரின் முதல் ஓட்டு அவளுடையது. வெளியே வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நான் கவனிக்கவே இல்லை. (தலைவன் என்றால் கடைசியில்தானே போக வேண்டும்?)

கடைசியில் என் விரலைக் கழுவ வேப்பமரத்தடிக்குப் போனேன். குழம்புச் சட்டியெல்லாம் காலி. பத்திரமாக இருந்த ஒரே சட்டி மாமாவுடையது. அதை அவர் சோறு போட்டு வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். பீச்சாங்கைச் சத்தியம் செய்தவர் விரலும் சாயம் போய், ஓட்டு மையோடுதான் இருந்தது. எப்போது முக்கினாரோ!

புளி கேட்டு அந்த ஊருக்குள் ஓடினேன். முழங்கை வரை கருப்பாக ஒருத்தன் ஓடி வந்தால் யார் கதவு திறப்பார்கள்? நாய்கள்தான் வரவேற்றன. ஒரு புண்ணியவதி ஜன்னல் வழியாக ஒரு உருண்டை வீசினாள். தேய்த்துக்கொண்டே திரும்பி ஓடி வந்தால், நேரம் முடிந்திருந்தது. நேரம் முடியும்போது வரிசையில் நின்றவர்கள்தான் போடலாமாம். நான் வரிசையில் இல்லையே, புளி வாங்க அல்லவா போயிருந்தேன்! பளபளவென்று சுத்தமான விரலோடு படகேறினேன். அன்றைக்கு மையில்லாமல் ஊர் திரும்பிய விரல் அது ஒன்றுதான்.

ஆனால் அடுத்த தேர்தலில் சாவடி எங்கள் குப்பத்துக்கே வந்தது. வலை காய வைக்கும் கொட்டகையில் மேசை போட்டார்கள். நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிவந்து ஓட்டுப் போட வைத்தோம். அன்று நான் இரண்டாவதாகப் போட்டேன். முதலில் யார் என்று சொல்ல வேண்டுமா?

பட்டறையில் நான் பெரிய முதலாளிதான். வீட்டில் வேறு கதை. இன்றும் மீன் குழம்பு வைக்கிற நாளில் கன்னியம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் கேட்கும்படி கேட்பாள்:

"மொதக் கரண்டி சோத்துக்கா, வெரலுக்கா?"