நாலாவது கம்பத்துப் பெட்டி

ஆனையூர்,
புதன்கிழமை

திருநகரில் இருக்கும் அன்பு மாப்ள ராஜபாண்டிக்கு மச்சான் சிவபாண்டி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்க அக்கா தமிழ்வாணியும் ஷேர் ஆட்டோவும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கு தங்கச்சியும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் காதுகுத்துக்கு வந்தபோது உங்க வீட்டு வைஃபை பெட்டியில் ஈரத்துண்டைக் காயப்போட்டது நான்தான். இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது, அதற்குத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். அப்பேர்ப்பட்ட ஆளை நம்பித்தான் என் மகள், உங்க மருமகள் ஆர்த்திகா தன் வேலையையே ஒப்படைத்தாள்.

அவள் ஆபீஸில் ஆம்புலன்ஸுக்காக ஒரு ஏற்பாடு செய்கிறார்கள். ரோட்டோரக் கம்பங்களில் வரிசையாக வைஃபை பெட்டி. வண்டி வேகமாகப் போகும்போதே உள்ளே இருக்கிற நோயாளியை ஆஸ்பத்திரி டாக்டர் வீடியோவில் பார்த்துக்கொண்டு வரணும், நடுவில் அறுந்துவிடக் கூடாது. ஓடுகிற பஸ்ஸுக்குள் ஒரு கம்பியை விட்டு அடுத்த கம்பியைப் பிடித்து நடக்கிறோமே, அதுபோலப் போனும் ஒரு பெட்டியை விட்டு அடுத்ததைப் பிடிக்கணுமாம். வேகமாப் போனா பழசை விடாம தொங்கிக்கிட்டே இருக்குமாம், அதுக்குள்ள வீடியோ அறுந்துருமாம். போன வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாக ஏற்பாடு. சரியாக ஓடினால் ஆர்த்திகாவுக்குப் புனே ஆபீஸில் நிரந்தர வேலை, ஓடலைன்னா பயிற்சியோடு சரி, வீட்டுக்கு.

ஒத்திகைக்கு ஆம்புலன்ஸ் கிடைக்கல, என் ஆட்டோதான் கிடைச்சுச்சு. கண்மாய்க்கரை ரோட்டில் ஏழு கம்பம். போனை முன்னால மாட்டிக்கிட்டு நாப்பதுல போறேன், வாரேன், போறேன், வாரேன். முதல் கம்பத்தடியில் பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்கிறாள், அவளுக்கு என்ன பாவமோ. கம்பத்துக்குக் கம்பம் படம் நின்னு போகுது, நாலாவது கம்பத்துல மட்டும் கண்ணாடியாத் தெரியுது. அவளும் அவள் மேலதிகாரி பீமாராவ் சாரும் அந்த நாலாவது பெட்டியைக் கழற்றி, பிரித்து, அதில் இருக்கிறதையெல்லாம் மற்ற ஆறு பெட்டிக்கும் ஏற்றிப் பார்த்தார்கள். அப்பவும் அதே கதை. அந்தப் பெட்டியையே ஆறாவது கம்பத்துக்கு மாத்துனாங்க, அங்க அதுலயும் படம் நின்னுபோச்சு. ரெண்டு நாளாப் பிள்ளை சோறு சரியாத் திங்கல.

மூணாம் நாள் பீமாராவ் சாரே பின்சீட்டில் ஏறினார். நாலாவது கம்பம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, இப்ப என்ன செஞ்சீங்க?"

"கருப்பசாமி கோயில் சார். கும்பிட்டேன்."

"ஒவ்வொரு தடவையும் வண்டிய மெதுவாக்கியா?"

"விரட்டிக்கிட்டே எப்படி சார் கும்பிடுறது?"

மனுசன் வண்டியைத் திருப்பச் சொல்லி, ஆர்த்திகாவிடம் விஷயத்தைச் சொன்னார். நான் ஊர்ந்து போனதால போனுக்கு ஆற அமர மாறிக்க நேரம் கிடைச்சிருக்கு, அம்புட்டுத்தான். ஆர்த்திகா திட்டியிருந்தாக்கூடத் தேவலை. "பெட்டி மேல தப்பு ஒண்ணும் இல்லப்பா, உங்க மேலதான்" என்றாள். ராத்திரி பகலாக உட்கார்ந்து, போன் தானா விடட்டும்னு காத்திருக்காம, வண்டி வாரதை ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லி, அது தயாரா நின்னு வாங்கிக்கிற மாதிரி மாற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கருப்புக்குத் தேங்காய் உடைத்து, இன்னைக்கு ஒரு நாள் நிக்காமப் போறேன், தப்பா எடுத்துக்காதீகன்னு சொல்லிவிட்டு, அம்பதுல போனேன். ஏழு கம்பத்துலயும் அறுபடவில்லை. அதிகாரிகள் கை கொடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. பிள்ளைக்குப் புனே வேலையும் உறுதியாயிருச்சு.

மாப்ள, போன்ல பேசுனா வீட்டுக்கே கேட்டுரும், அதான் கடுதாசி. ஞாயித்துக்கிழமை வாங்க. தாய்மாமன் சொன்னா கேப்பா. புனே வேணாம்த்தா, மதுரையிலயே ஒண்ணு பாருன்னு நீங்களா நினைச்ச மாதிரி சொல்லுங்க.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் படித்து மேலே வர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மச்சான் சிவபாண்டி

பி.கு.: மேலே கேட்டதை விட்டுருங்க மாப்ள. கவர் ஒட்டுறதுக்குள்ள பிள்ளை வந்து ரயில் டிக்கெட்டைக் காட்டுனா, ஜன்னல் சீட்டாம். வந்து, போயிட்டு வா ஆத்தான்னு மட்டும் சொல்லுங்க, போதும். வெள்ளிக்கிழமை ஏழாவது கம்பம் தாண்டும்போது போனுக்குள்ள இருந்து, "அப்பா, நான் தெரியுறேனா?"ன்னு கேட்டா. தெளிவாத் தெரியுற ஆத்தான்னேன். ஒரே ஒரு தடவை அறுந்து தொலைஞ்சிருக்கக் கூடாதான்னு நினைச்சேன். அதை மட்டும் சொல்லல.